அடுத்த தடவை சாவகாசமாக

"மேடம், வருத்தத்தோட அளவு சொல்லுங்க. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும்."

"என்னது?"

"ஒண்ணுன்னா லேசான மனக்குறை. அஞ்சுன்னா தாங்க முடியாத துக்கம். அரை, கால் எல்லாம் கிடையாது."

சங்கரவடிவு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹரிவர்தனை ஏற இறங்கப் பார்த்தாள். பாளையங்கோட்டையில் 'ஈரிழை' நிறுவனத்தின் குறைதீர் அறை அது. சென்னைத் தலைமையகம் அனுப்பி வைத்த மேலாளர் அவன். காதுக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு புடைப்பு. என்ன கேட்டாலும் ஒரு மூச்சு நேரம் கழித்துத்தான் பதில் வந்தது, நிலாவில் உட்கார்ந்து பேசுகிறவன் மாதிரி.

"எங்க அண்ணன் செத்து இன்னைக்குப் பதினஞ்சு நாளு. அதுக்கு எத்தன போடுவிய?"

ஒரு மூச்சு நேரம்.

"உங்க உணர்வு எங்களுக்கு ரொம்ப முக்கியம் மேடம். அஞ்சுன்னு போட்டுக்கறேன். அடுத்தது, குறை என்னன்னு சொல்லுங்க. நாற்பது வார்த்தைக்குள்ள."

"எங்க வீட்டுக்காரவுக, எங்க அண்ணன் துட்டி வீட்டுல, போயிட்டு வாரோம்னு சொல்லிட்டாக."

ஹரிவர்தனின் விரல் நின்றது. "போயிட்டு வரோம்னு சொல்றது மரியாதைதானே மேடம்?"

"நீங்க எந்த ஊரு தம்பி? சாவு விழுந்த துட்டி வீட்டுல இருந்து கெளம்பும்போது யாராவது சொல்லிக்கிட்டுப் போவாகளா? வாயத் தொறக்காம, திரும்பிப் பாக்காம நடையக் கட்டணும். போயிட்டு வாரேன்னா, இன்னொரு சாவுக்கு வாரேன்னுலா அர்த்தம்?"

"நம்பிக்கை சார்ந்த விலகல், நாலாம் வகை" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் குறித்தான்.

"அதோட விட்டாகளா? செத்தவன் பொண்டாட்டி, எங்க மதினி, தலைவிரி கோலமா உக்காந்திருக்கா. அவளப் பாத்துக் கும்பிட்டுச் சிரிச்சுக்கிட்டே, 'இன்னைக்குக் கொஞ்சம் அவசரம், அடுத்த தடவ சாவகாசமா வாரோம்'ன்னாக."

அறையின் மூலையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கப் பார்த்து அது புரையேறிய சத்தம்.

"மன்னிச்சிருங்க" என்றாள் அங்கிருந்த எஸ்தர் கனகமணி. "தண்ணி தப்பான வழியில போயிருச்சு."

எஸ்தருக்கு ஐம்பத்திரண்டு வயது. மேசைக் கம்ப்யூட்டர்கள் இருந்த காலத்தில் அவற்றுக்கு நிரல் எழுதி வயிறு வளர்த்தவள். ஈரிழை அவளை இன்னும் வேலையில் வைத்திருப்பதற்குக் கருணை காரணமில்லை. காதுக்குப் பின்னால் பதித்து மனித மண்டைக்குள் இரண்டாவது மனத்தை ஓடவிடும் ஈரிழையின் அதிசயக் கருவிக்கு, அந்தப் பழைய நிரல்களுக்கு வந்த அதே நோய்கள் வந்தன. இளவட்டப் பொறியாளர்கள் யாரும் அந்த நோய்களைக் கண்ணால் கண்டதில்லை. அவள் காதுக்குப் பின்னால் மட்டும் புடைப்பு கிடையாது. கேட்டால், "இருக்கிற ஒண்ணுக்கே வேலையக் காணோம்" என்பாள்.

"சரி மேடம், எங்க கிட்ட என்ன எதிர்பாக்கறீங்க?" என்றான் ஹரிவர்தன்.

"நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். 'உம் புருசன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது'ன்னுட்டா மதினி. சொந்தக்காரவுக அத்தன பேரும் அவ பக்கம். அவுகளா சொல்லல மதினி, உள்ள இருக்க மிஷினு சொல்லிருச்சுன்னு கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். 'அப்ப மிஷின்காரன்ட்ட எழுதி வாங்கிட்டு வா. மிஷின் குத்தம், சரி பண்ணியாச்சுன்னு முத்திரையோட தாள் கொண்டா. உள்ள விடுதேன்'னு சொல்லிட்டா. எனக்கு அந்தத் தாள் வேணும். அண்ணன் காரியத்துல நான் புருசன் இல்லாம அறுத்துட்டு வந்தவ மாதிரி நிக்க முடியாது."

"இவ்வளவுதானா!" ஹரிவர்தன் முகம் மலர்ந்தது. இந்த முறை இடைவெளிகூட இல்லை. "குறை சொன்னவங்க ரேகை போதும். நீங்க இந்தக் கண்ணாடித் தட்டுல கட்டைவிரல் வைங்க. அஞ்சு மணிக்கு உங்க ஹஸ்பண்ட் தலைக்குத் திருத்தம் இறங்கிடும். சான்றிதழ் கையோட வாங்கிட்டுப் போகலாம். லாமினேட் பண்ணியே தரோம்."

"நில்லுங்க சார்" என்றாள் எஸ்தர். "எது கோளாறுன்னு பாக்காம எதச் சரி பண்ணுவிய? பதிவேட்டத் திறந்து பாத்துட்டு ரேகை வாங்குவோம்."

"கணவரோட பதிவேடு. அவர் அனுமதி வேணுமே."

"அனுமதி இருக்கு. மனைவி எப்பக் கேட்டாலும் காட்டலாம்னு முத்திரை குத்தியிருக்காரு. சாவு நடந்த அன்னைக்குச் சாயந்திரம்." எஸ்தர் தேதியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு நாற்காலியை இழுத்து வடிவின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "நீங்க என்ன வேல பாக்கிய?"

"பஸ் ஸ்டாண்டுல மைக்குல கூப்பிடுதேன் அக்கா. தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் எல்லாம் நாந்தான்."

"அதான பாத்தேன், கேட்ட கொரலா இருக்கேன்னு! அப்ப உங்களுக்குச் சொல்லுதது லேசு. அந்த மைக்க யாரெல்லாம் தொடலாம்?"

"நான் மட்டுந்தான்."

"கண்டக்டர்மாரு?"

"தொட விட்டா உருப்பட்ட மாதிரிதான். நாலு பேரு சேந்து கத்துனா சனம் எந்த வண்டியில ஏறும்? சீட்டுல எழுதி சன்னல் வழியா நீட்டணும். நான் வரிசப்படி வாசிப்பேன்."

"அவ்வளவுதான் எங்க தொழில். மொகம், நாக்கு, கண்ணு, கை, காலு இதெல்லாம் மைக்கு. முன்மனசு உங்கள மாதிரி, அது ஒண்ணுதான் மைக்கத் தொடலாம். பின்மனசு கண்டக்டர் மாதிரி. அதுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் கேக்கும், ஆனா வாயத் தொறக்கணும்னா சீட்டு நீட்டணும். முன்மனசு முத்திரை குத்தினாத்தான் சொல்லு வெளிய வரும். பழைய கம்ப்யூட்டர் திரைக்கும் இதே சட்டந்தான். பின்னால ஓடுத இழை நேரா வந்து திரையத் தொட்டா, மொத்தமும் ஒறைஞ்சு நின்னுரும்."

"தெரியும் அக்கா. வாங்கும்போதே விளம்பரத்துல போட்டானே. 'வேலை பின்னால், வாழ்க்கை முன்னால்.' அவுக தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எந்தப் பெட்டிய எந்தக் கப்பல்ல ஏத்தணும்னு கணக்குப் போடுத வேல. அத பின்மனசு பாத்துக்கிடும், முன்மனசு வீட்டுல எங்கூட இருக்கும்னு சொல்லித்தான் நாலு வருசத்துக்கு முன்னால வச்சுக்கிட்டாக."

எஸ்தர் ஹரிவர்தனைப் பார்த்தாள். ஹரிவர்தன் கூரையைப் பார்த்தான்.

"ஏன், மாத்திக்கிட்டாகளா?" என்றாள் வடிவு.

"நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஆறே மாசத்துல மாத்திருதாக. வேலை முன்னால, வீடு பின்னால."

"எஸ்தர் மேடம், அது நிறுவன ரகசியம்" என்றது ஹரிவர்தனின் வாய், ஒரு மூச்சு தாமதமாக.

"அப்ப வீட்டுல எங்கூடப் பேசிக்கிட்டு இருக்கது?"

"பின்மனசு எழுதுத சீட்டு. 'சாப்பிட்டியா', 'தலைவலி எப்படி இருக்கு', 'அந்தப் பச்சச் சேல உனக்கு நல்லா இருக்கு' எல்லாம் அங்க இருந்து வருது. முன்மனசு வாசிக்காமலே முத்திரை குத்தித் தள்ளும். அரசாங்க ஆபீசு மாதிரின்னு வச்சுக்கிடுங்களேன்."

வடிவு மடியில் முந்தானையை நீவி விட்டாள். நாலு வருடமாக வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்ட அந்தப் பச்சைச் சேலை வாக்கியத்தை அவள் மனசுக்குள் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"நான் பேசுதது அவுக காதுல விழாமயா இருக்கும்?"

"காதுல விழும். யாருக்குன்னுதான் கேள்வி." எஸ்தர் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள். "எதெது நடந்தா முன்மனசைக் கூப்பிட்டுச் சொல்லணும்னு இங்க பேரு கொடுத்து வச்சிருக்கணும். பேரு இல்லாததச் சொல்லக் கூடாது. உங்க வீட்டுக்காரர் பட்டியல் வாசிக்கேன் கேளுங்க. வடிவு பேசுகிறாள்: பேர் நீக்கம். மூணு வருசம் முந்தி, தீபாவளி அன்னைக்கு. வடிவு அழுகிறாள்: பேர் நீக்கம். வடிவின் வீட்டார்: பேர் நீக்கம்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு இருக்கு. சாம்பாரில் உப்புக் குறைவு."

வடிவு சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அது உடனே வரும் அக்கா. இடி மாதிரி வரும்."

"இதப் பாத்துட்டு நீங்க கோபப்படக் கூடாது மேடம்" என்றான் ஹரிவர்தன். "தன் விருப்பப்படி அமைச்சுக்கற வசதி. எங்க தயாரிப்போட சிறப்பு அம்சமே அதுதான்."

எஸ்தர் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "துட்டி வீட்டுக்குப் போவோம். அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீங்க கண்டதச் சொல்லுங்க."

"வந்து எம் பக்கத்துல உக்காந்தாக. கொஞ்ச நேரம் கல்லு மாதிரி இருந்தாக. அப்பொறம் திடீர்னு எங் கையப் பிடிச்சாக. பிடிச்சுக்கிட்டு அழுதாக பாருங்க, சின்னப் பிள்ள மாதிரி. நாலு நிமிசம் இருக்கும். எங்க பெரியம்மகூட, 'ஆவுடையப்பன் மாதிரி ஒரு மனுசன் யாருக்கு வாய்ப்பான்'னு சொன்னாக. அந்தச் சொல்லு அடங்கல. சட்டுன்னு எந்திரிச்சு மொகத்தத் தொடச்சு, பல்லக் காட்டிச் சிரிச்சு, போயிட்டு வாரோம்! அதான் சொல்லுதேன் அக்கா. அழுதது எம் புருசன். அந்தப் பாழாப்போன சொல்லச் சொன்னது இந்த மிஷினு. அதச் சரி பண்ணிக் கொடுங்க."

எஸ்தர் திரையில் வரிகளை நகர்த்தினாள். நகர்த்திய விரல் வேகம் குறைந்தது. ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

"காலையில மணி பதினொண்ணு நாப்பத்திரண்டு. பின்மனசு சீட்டு நீட்டுது: 'வடிவின் கையைப் பிடி.' அந்நேரம் முன்மனசு தலைக்குள்ளயே ஒரு கூட்டத்துல இருக்கு, கொழும்புக் கப்பலுக்கு. நாப்பத்திமூணு, மறுபடியும் சீட்டு. முன்மனசு சும்மா இருக்கான்னு எட்டிப் பாக்குது. சும்மாத்தான் இருக்கு. சரின்னு கூப்பிடுததுக்குள்ள அது அடுத்த பெட்டிக்குப் போயிருச்சு."

"எங்க வேலயிலயும் அதே சங்கடந்தான்" என்றாள் வடிவு. "தென்காசி வண்டி நிக்கான்னு பாத்துட்டு மைக்குப் பக்கம் திரும்புததுக்குள்ள போயிருவான்."

"நாப்பத்திநாலு, சீட்டு. நாப்பத்தஞ்சு, சீட்டு. இப்படியே மொத்தம் நாப்பத்தோரு சீட்டு. 'அழ வேண்டும்.' 'அழ அனுமதி வேண்டும்.' 'அவள் அண்ணன் இறந்துவிட்டார், ஒரு நிமிடம் போதும்.' ஒண்ணுக்கும் முத்திரை விழல."

"பொறவு அழுதாகளே?"

"கை தீயில பட்டா யாரையும் கேக்காம இழுத்துக்கிடும்லா? அதுக்குன்னு ஒடம்புல ஒரு வழிய மட்டும் அடைக்காம விட்டிருக்கோம். சுட்டா மட்டும் தொறக்குத வழி. அது வழியா வந்திருக்கு உங்க ஆளு. எந்தத் தீயும் இல்லாம. வந்து நேரா கையத் தொட்டு, கண்ணத் தொட்டு, அழுதிருக்கு. சட்டத்த மீறி."

வடிவு கண்ணாடித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரமசிவம்னு ஒரு கண்டக்டர்" என்றாள் மெதுவாக. "மூணு வயசுப் பிள்ளைய செங்கோட்ட வண்டியில ஏத்திட்டு, பைய எடுக்க எறங்கின தாய விட்டுட்டு வண்டி கெளம்பிருச்சு. அவன் சீட்டு எழுதல. சன்னல் வழியாக் கைய விட்டு எம் மைக்கப் பிடுங்கி, 'நிறுத்துல வண்டிய'ன்னு கத்திட்டான்."

"நீங்க என்ன செஞ்சிய?"

"புகார் எழுதிக் கொடுத்தேன். மூணு நாள் சஸ்பெண்ட்."

"பிள்ள?"

"கெடச்சிருச்சு." வடிவு தலையை நிமிர்த்தவில்லை. "மைக்கத் தொட்டது தப்புதான அக்கா?"

"தப்புதான். எங்க பாசையில அத விடப் பெரிய தப்பு கெடையாது. இங்கயும் தொட்டதும் எல்லாம் ஒறைஞ்சிருச்சு. கூட்டத்துல இருந்த முன்மனசு அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து மைக்கப் பறிச்சிருச்சு. வந்து பாக்குது. கண்ணுல தண்ணி, ஏன்னு தெரியல. சுத்தி ஏகப்பட்ட சனம். யாரு வீடுன்னு தெரியல, என்ன விசேசம்னு தெரியல. மரியாதையாக் கெளம்பிருவோம்னு நெனச்சு, ஒரு நல்ல மனுசன் எந்த வீட்டுலயும் சொல்லுததச் சொல்லிருச்சு."

"அப்ப..."

"போயிட்டு வாரோம்னு சொன்னது மிஷின் இல்ல. உங்க புருசன்."

"அழுதது?"

எஸ்தர் திரையில் 'அழ அனுமதி வேண்டும்' என்ற சீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

ஹரிவர்தன் தொண்டையைச் செருமினான். "மேடம், இதுல ஒரு சின்ன விளக்கம். முன்மனம் எங்க தயாரிப்பு கிடையாது. அது அவரே கொண்டு வந்தது. அதுல இருக்கற குறைக்கு நாங்க பொறுப்பில்ல. ஆனா அந்த அழுகை எங்க பிழை, ஒத்துக்கறோம். உங்க கைரேகை விழுந்தா அந்த வழியை நிரந்தரமா அடைச்சிடுவோம். இனிமே பொது இடத்துல அழவே மாட்டார்."

"கை சுட்டா?"

"முன்மனம் ஒப்புதல் கொடுத்ததும் இழுத்துக்கும். சராசரி நாலு செகண்ட்தான்."

"தாள்ல என்னன்னு எழுதுவிய?"

"'பின்மனத்தின் பிழை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது.' உங்க அண்ணிக்கு இது போதுமே! அவங்க கேட்டது கிடைக்குது, நீங்க கேட்டது கிடைக்குது."

"அந்த அனுமதி" என்றாள் வடிவு திடீரென்று. "எனக்கு இதெல்லாம் காட்டலாம்னு ஒரு அனுமதி இருந்துச்சே. அதுக்குச் சீட்டு நீட்டினது யாரு அக்கா?"

"பின்மனசுதான். முன்மனசு வழக்கம்போல வாசிக்காமக் குத்தியிருக்கு."

வடிவு தலையை ஆட்டினாள். "இல்ல. நான் நம்ப மாட்டேன். பதினஞ்சு நாளா வீட்டுல ஒப்பாரி வச்சுக்கிட்டு இருக்கேன். ஏசியிருக்கேன். தட்டத் தூக்கி எறிஞ்சிருக்கேன். தலையக் குனிஞ்சு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. எங்க அண்ணன் செத்ததே தெரியாம ஒரு மனுசன் எம் பக்கத்துல இருந்தாகன்னு சொல்லுதியளா?"

கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக ஆவுடையப்பன் உள்ளே வந்தான். நாலு மணிக்கு வரச் சொல்லி நிறுவனம் அனுப்பிய அழைப்புக்கும் முத்திரை விழுந்திருந்தது.

"வடிவு, நீ இங்கதான் இருக்கியா? வரச்சொல்லிச் சீட்டு வந்துச்சு, கெளம்பி வந்தேன்." நாற்காலியில் உட்கார்ந்து ஹரிவர்தனுக்கு ஒரு கும்பிடு போட்டான். கூட்டம் முடிந்த நேரம்போல, முகத்தில் நல்ல தெளிவு. "ஆமா, வரிசையில ஒண்ணு கெடந்துச்சே. நாளைக்கு உங்க அண்ணன் வீட்டுல ஏதோ விசேசமாமே? என்னது, பிள்ளைக்குச் சடங்கா? பட்டு வேட்டி எடுத்து வைக்கணுமா?"

ஹரிவர்தன்கூட, அன்றைக்கு முதல் தடவையாக, முழுசாக அந்த அறையில் இருந்தான்.

"உங்க அண்ணன் போன தடவ மாதிரி வெறும் சாம்பார ஊத்தி அனுப்பிருவாரா, இல்ல கறி போடுவாரா?" ஆவுடையப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "என்னப்பா, எல்லாரும் துட்டி வீடு மாதிரி உக்காந்திருக்கிய?"

வடிவு அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். இருபத்தோரு வருடமாகப் பார்க்கிற முகம். பிறகு கண்ணாடித் தட்டை விரல் நுனியால் மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினாள்.

"மேடம், கைரேகை? அஞ்சு மணிக்கு மேல..."

"குறை ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கிடுங்க."

"சான்றிதழ் வேண்டாமா? நாளைக்கு இவரை உள்ள விட மாட்டாங்களே!"

"நான் ஒத்தையாப் போய்க்கிடுதேன்."

"எங்க, யார விட மாட்டாங்க?" என்று கேட்ட ஆவுடையப்பனின் கண்கள் பாதியிலேயே கலைந்தன. அடுத்த கப்பல் வந்துவிட்டது. "நாப்பதடிப் பெட்டி ரெண்டையும் அடியில போடச் சொல்லு" என்றான் யாரிடமோ.

வடிவு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். எழுந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, யாரையும் பார்க்கவில்லை. வாயைத் திறக்காமல், திரும்பாமல், நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். அந்த ஊரில் பிறந்த எஸ்தருக்கு அந்த நடை எந்த வீட்டிலிருந்து கிளம்புகிற நடை என்று தெரியும். அவள் தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

புருசனின் நாற்காலியைத் தாண்டும்போது வடிவின் கையை ஒரு கை பிடித்தது.

ஆவுடையப்பனின் இடது கை. மணிக்கட்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. திரையில், சுட்டால் மட்டும் திறக்கிற அந்த வழியின் வரி சிவப்பாக மின்னியது. ஹரிவர்தனுக்குத் தெரியாதபடி எஸ்தர் தன் உடம்பால் திரையை மறைத்தாள்.

"ஏ, இதென்ன?" முகம் குனிந்து தன் கையைப் பார்த்தது. "மரத்துப் போச்சா என்ன, விட மாட்டேங்கு! நீ போயிட்டு வா வடிவு, இது என்னன்னு நான் பாத்துக்கிடுதேன். உங்க அண்ணன நான் ரொம்பக் கேட்டேன்னு சொல்லு."

வடிவு முகத்துக்குப் பதில் சொல்லவில்லை. குனிந்து, அந்தக் கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்தாள். நாள் முழுக்க ஊருக்கே கேட்கக் கூப்பிடுகிற குரலை, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அளவுக்குத் தணித்துக்கொண்டாள்.

"போயிட்டு வாரேன்" என்றாள் கையிடம். "காரியம் முடிஞ்சதும் வந்துருதேன்."

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.